அடுத்த படத்தில் இல்லாத பிள்ளை

1977 மார்கழியில் ஒரு சனிக்கிழமை. அடிமைமுறையை எதிர்த்து அச்சிட்ட பழைய புத்தகங்களின் படங்களை நகரத்து நூலகம் ஒன்றில் ஒரு வாரம் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நான் படவரைஞன். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட கோடுகளைப் பார்க்கத்தான் போனேன், வேறு பெரிய நோக்கம் ஒன்றும் இல்லை.

என் கோட்டுப் பையில், ஊரிலிருந்து மனைவியை இங்கே எடுப்பதற்கான ஸ்பொன்சர் படிவம் இருந்தது. திரும்பும் வழியில் தபாலில் போட வேண்டும். ஐந்து வயது மகள் யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவோடு இருப்பதாக ஏற்பாடு. அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தோம். அறைத்தோழர் சிவம் அண்ணை காலையிலும் சொன்னார்: "முதல்ல அவவை எடும். ரெண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் வீடு வாங்கலாம். பிள்ளையைப் பிறகு பாப்பம்."

"ஓம் அண்ணை" என்று தலையாட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

ஸ்காபரோ வோர்டன் நிலையத்தில் 9.40 ரயில், கட்டணம் ஐம்பது சதம். சென் ஜோர்ஜ் வரை ஒரே ரயில், இருபத்தெட்டு நிமிடம். பிறகு பத்து நிமிட நடை. அந்தக் குளிரில் அது அரை மணி போல இருந்தது. நூலக வாசலிலேயே கோட்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு ஒரு பென்சில் தந்தார்கள். பழைய நூல்களுக்குப் பக்கத்தில் மை கூடாதாம்.

ஒரு சின்னப் புத்தகத்தில் அடிமைக் குடும்பம் ஒன்றின் குடிசை. அடுப்பில் பானை, பக்கத்தில் தாய், தகப்பன் மடியில் பெண்பிள்ளை. அடுத்த படத்தில் ஏலச் சந்தை. மூன்றாவதில் திரும்பவும் அதே குடிசை, அதே பானை. உற்றுப் பார்த்தேன். புதிதாகக் கீறவில்லை. பழைய கட்டையிலேயே பிள்ளையை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு அச்சிட்டிருக்கிறார்கள். மடியில் வெறும் வெள்ளை. தகப்பனின் கை இன்னும் பிள்ளையை அணைத்தபடியே இருந்தது.

நான் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. காவலுக்கு நின்ற நூலகப் பெண்மணி அருகில் வந்தார். கறுப்பினத்தவர், அறுபது வயதிருக்கும். "இவை வெள்ளையர்களை அழவைக்கக் கீறிய படங்கள்" என்றார். "என் பாட்டனின் தாய் இரண்டு பிள்ளைகளோடு தப்பி இந்த நாட்டுக்கு நடந்தே வந்தாள். அதை யாரும் கீறவில்லை."

நான் சும்மா இருந்திருக்கலாம். "என் கதையும் இதுதான். மகள் அங்கே, நான் இங்கே" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "இவர்களிடமிருந்து பிள்ளையைப் பறித்து விற்றார்கள். உங்களிடமிருந்து யார் பறித்தது?" என்று மெல்லக் கேட்டார்.

வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: இப்படியான கண்காட்சிக்கு வார நாளில் போங்கள், கூட்டம் குறைவு. இரண்டு மணி நேரமாவது வேண்டும். நூலகப் பென்சிலைத் திருப்பிக் கொடுங்கள். என்னுடையது சட்டைப்பையில் என்னோடு வந்துவிட்டது. திரும்பும் ரயிலில் படிவத்தை விரித்தேன். உடன் வரும் பிள்ளைகள் என்ற கட்டத்தில் யாரும் இல்லை என்று ஒரு கோடு இழுத்திருந்தேன். அதன் மேல் அந்தப் பென்சிலால் மகளின் பெயரை எழுதினேன். திங்கட்கிழமை புதுப் படிவம் வாங்கி மையால் நிரப்பினேன். வீடு வாங்க மேலும் ஆறு வருடம் பிடித்தது.

மகள் இப்போது ஸ்காபரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல இதைத் தட்டச்சு செய்வதும் அவள்தான். அந்தக் கோடு இருந்தது அவளுக்கு இன்றுதான் தெரியும்.