மேற்குப் பக்கம் திருப்பி வைத்த பெட்டி

கொரோனா வந்த முதல் வருடத்தின் கடைசி மாதங்கள். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். வகுப்புகள் எல்லாம் நின்றுபோனதால் ஹட்டனில் எங்கள் வீட்டில்தான் இருந்தேன். கீழே வாப்பாவின் துணிக்கடை, மேலே நாங்கள். இஸ்லாமியச் சிந்தனையிலும் மனித உரிமைக் கோட்பாடுகளிலும் மனிதனின் கண்ணியம் எப்படிப் பேசப்படுகிறது என்பதுதான் என் ஆய்வு. அதில் ஒரு அத்தியாயம் இறந்தவர்களின் உரிமையைப் பற்றியது. மேசை நிறையப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

உம்மாவுக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை வியாதி. இருமல் கூடி மூச்சு வாங்கவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பரிசோதித்தார்கள், தொற்று என்றார்கள், உள்ளே அழைத்துப் போனார்கள். சக்கர நாற்காலியில் போகும்போது திரும்பி, "அடுப்புல பால் வச்சிருக்கேன், பாத்துக்கங்க" என்றார். அதுதான் அவர் எங்களிடம் பேசிய கடைசிப் பேச்சு. சில நாட்களில் அவர் இறந்து மௌத்தான செய்தி தொலைபேசியில் வந்தது.

தொற்றால் இறந்தவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் எரிக்கத்தான் வேண்டும் என்று நாட்டில் உத்தரவு இருந்த காலம் அது. எங்களுக்கு இறந்தவரின் உடலை, ஜனாஸாவை, குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழுது, மண்ணில் அடக்குவது தவிர வேறு வழக்கமே இல்லை. துணிக்கடைக்காரரின் மனைவிக்கு ஒரு முழம் வெள்ளைத் துணி சுற்ற வழியில்லாமல் போனது.

நான் சும்மா இருக்கவில்லை. பேராசிரியரைக் கூப்பிட்டேன். தெரிந்த வழக்கறிஞரைக் கூப்பிட்டேன். சுகாதார அதிகாரியின் முன்னால் நின்று, புதைப்பதால் தொற்று பரவாது என்று உலகத்து வல்லுநர்கள் சொல்கிறார்களே என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்றாடினேன். அவர் கெட்டவர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டே கேட்டுவிட்டு, தன் கையில் எதுவும் இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்தபோது வாப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க இவ்வளவு படிச்சீங்களே மகன், அதுல இதுக்கு ஒரு வழி இல்லையா?"

நிர்ப்பந்தத்தில் நடப்பதற்குக் குடும்பத்தார் மேல் பாவமில்லை என்று அறிஞர்கள் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். 

வாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் பாவத்தப் பத்திக் கேக்கல்ல. உம்மாவப் பத்திக் கேக்குறேன்."

எங்கள் இருவருக்கும் தொற்று இல்லை என்று தெரிந்ததால் தகனசாலை வரை வர விட்டார்கள். வண்டியின் பின்னால் மலையிறங்கிப் போனோம். மழைத் தூறலில் பெண்கள் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கண்டதும் சிலர் கூடையோடு அப்படியே நின்றார்கள்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் பொறுப்பில் இருந்த சுகாதாரப் பரிசோதகர் அவசரப்படுத்தினார். மூடி ஒட்டிய பெட்டி, திறக்கக் கூடாது. ஜனாஸாத் தொழுகைக்கு ஐந்து நிமிடம் கேட்டேன். கூட்டம் சேர்ந்தால் தனக்குத்தான் பிரச்சினை என்றார். நானும் வாப்பாவும் மட்டும்தான் அந்தக் கூட்டம்.

சூளையைப் பார்த்துக்கொள்பவர் தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில் இருந்தார். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவர் பரிசோதகரிடம் போய்ச் சிங்களத்தில், சூடு இன்னும் போதாது, இப்போது வைத்தால் பாதியில் நின்றுவிடும், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் நின்ற இடத்துக்கே அனல் அடித்துக்கொண்டிருந்தது. பரிசோதகர் சலித்துக்கொண்டு வெளியே போனார்.

சூளைக்காரர் பெட்டி இருந்த தள்ளுவண்டியை, நாங்கள் முகம் வைத்துத் தொழும் மேற்குப் பக்கமாக மெல்லத் திருப்பினார். பிறகு எங்கள் பக்கம் வந்து, தேயிலைத் தோட்டத்துத் தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னார்: "மேக்கு இந்தப் பக்கந்தாங்க. சுருக்கா தொழுதுக்கங்க. போன தடவ வந்தவங்க அழுதுகிட்டே திரும்பிப் போனாங்க, என்னால ஒண்ணும் செய்ய முடியலைங்க."

வாப்பா முன்னால் நின்றார், நான் பின்னால். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லி வாப்பா தொழுகையைத் தொடங்கினார். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது அந்த மனிதர் எங்களுக்கு முதுகைக் காட்டி, வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் எழுத முடியாது. சாம்பல் வேண்டுமா என்று கேட்டார்கள். வாப்பா திரும்பி வாசலை நோக்கி நடந்தார்.

சில மாதங்களில் சட்டம் மாறியது. கிழக்கில் ஒரு தூர இடத்தில் அடக்க அனுமதித்தார்கள். வருடங்கள் கழித்து அரசு வருத்தமும் தெரிவித்தது. அந்தச் செய்தி வந்தபோது வாப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

இணையக் கருத்தரங்கு ஒன்றில் நான் இதைச் சொன்னபோது, வெளிநாட்டு அறிஞர் ஒருவர், உரிமை மீறலுக்கு மிகப் பொருத்தமான உதாரணம் என்று பாராட்டினார். அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றோடு அந்த அத்தியாயம் நின்றுபோனது. ஆய்வை முடிக்கவில்லை. இப்போது கொட்டகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன்.

அந்த மனிதருக்கு நன்றி சொல்ல ஒருமுறை போனேன். வேறொருவர் இருந்தார். பஸ்ஸில் அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் வாப்பா எங்கள் அடக்கத்தலமான மையவாடிக்குப் போகிறார். தன் உம்மா, வாப்பாவின் கபுறுகளில், அந்த மண் மேடுகளருகே நின்று துஆ கேட்கிறார். பிறகு எங்கே நிற்பது என்று தெரியாமல் வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறார்.

உரிமை, கண்ணியம் என்ற சொற்களை இன்றும் கரும்பலகையில் எழுதத்தான் செய்கிறேன். ஆனால் என் உம்மாவுக்கு ஒரு தொழுகை கிடைப்பதற்கே முகம் தெரியாத ஒருவர் பயந்துகொண்டு ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது என்ற நினைப்பை எந்தப் படிப்பாலும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.