அண்ணன் செடிக்குக் கேட்ட ஜன்னல்

இன்று காலை டொராண்டோவிலிருந்து அண்ணன் வீடியோ காலில் பேசினான்.

போன மாதம் பாபநாசம் வந்திருந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் அவன் வாங்கி வைத்த ஸ்நேக் பிளான்ட்டில் இரண்டு இலைகள் சாய்ந்துவிட்டன. காட்டினேன்.

"வெளிச்சம் பத்தல. ஆனா உச்சி வெயில் பட்டா கருகிடும். கிழக்கு ஜன்னல்தான் சரி, அங்க வை."

"அங்க அம்மா கட்டில் கிடக்குண்ணே."

"அத உள் ரூமுக்கு மாத்திடு. அவங்க சும்மா படுத்துதானே இருக்காங்க?"

பக்கவாதம் வந்த இரண்டு வருடமாக அம்மா வயலைப் பார்ப்பது அந்த ஜன்னல் வழியாகத்தான். இன்று அங்கே நடவு நடந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு குழறலாகச் சொன்னார்: "மாத்திடும்மா. புள்ள ஆசையா வாங்குனது."

நான் போனை வைத்துவிட்டேன். கட்டிலைத் தொடவில்லை. செடியைத் தூக்கிப்போய் எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். "கிழக்கு ஜன்னல் ஓரமா வைங்கக்கா, நல்லா வரும்."

சாயந்திரம் அண்ணனிடமிருந்து மெசேஜ்: "மாத்திட்டியா? போட்டோ அனுப்பு."

ஜன்னலோரம் படுத்திருக்கும் அம்மாவைப் படமெடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்து மூன்று மணி நேரமாகிறது.

உங்கள் வீட்டு வெளிநாட்டுக்காரர்கள் போன் செய்தால் முதலில் யாரை விசாரிக்கிறார்கள்?