அளவு பேண்ட்

பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், கடலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், நான் வேலை கேட்டுப் போன ஓட்டல் இருந்தது. மஞ்சள் சுவர், ஆளுயர ஜன்னல்கள், வாசலில் பித்தளைப் பலகை. பின்வாசல் வழியாக உள்ளே போய்ப் பின்வாசல் வழியாகவே திரும்பியிருந்தேன். வேலை இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. பேண்ட் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

பரிமாறும் ஆட்களை மேய்க்க அங்கே ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைக் கேப்டன் என்றார்கள். நடுத்தர வயது, மடிப்புக் கலையாத சட்டை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏறுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அலமாரியிலிருந்து மூன்று கறுப்புப் பேண்ட்களை எடுத்துக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். முதல் இரண்டும் இடுப்பில் நின்றன, ஆனால் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே முடிந்துவிட்டன. மூன்றாவதற்கு நீளம் இருந்தது. இடுப்பில்தான் என்னோடு இன்னொருவனும் நுழையலாம் போலிருந்தது. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றேன்.

"இன்னாப்பா இது, பொடவ கட்டுனாப்போல கொசுவம் வெச்சினு நிக்கிற?"

சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை.

"சட்ட நாங்க குடுக்குறோம், அரைக்கை. ஷூ இருக்குதுன்ற, சரி. பேண்ட்டு நீ கொண்டாரணும். கறுப்பு. கணுக்கால மூடணும், இடுப்புல சுருக்கம் வரக்கூடாது. நாளைக்குக் காலையில டிபன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்து நில்லு. இல்லன்னா வேற ஆளு போட்டுடுவேன்."

அந்த வேலைக்கு மூன்று வேளைச் சாப்பாடும் மொட்டைமாடி அறையில் படுக்க இடமும் உண்டு. அப்போது நான் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் படுப்பது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. பையைத் தலைக்கு வைத்து அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டால் போதும். போலீஸ்காரர் வந்து தட்டினால் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வேறு இடத்தில் படுக்க வேண்டும். ஆனால் மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படுக்கை எனக்கு வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அதற்கும் எனக்கும் நடுவில் ஒரு பேண்ட்தான் இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் நான் வளரத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பேண்ட் தீபாவளிக்குள் முக்கால் பேண்ட் ஆனது. வாத்தியார் என்னை லைட் கம்பம் என்று கூப்பிட்டார். அடுத்த வருடம் நான் பள்ளிக்குப் போகவில்லை. பேண்ட் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அதுவும் ஒன்று. பிறகு பல ஊர்களில் பல வேலைகள். சேதராப்பட்டில் மூட்டை தூக்கினேன், ஓசூரில் செக்யூரிட்டியாக நின்றேன். எங்கே போனாலும் சட்டைக் கையை முழங்கைவரை மடித்தே விட்டிருந்தேன். மடித்துவிட்டால் கை குட்டை என்பது தெரியாது. பேண்ட்டைக் கீழே இறக்கிக் கட்டினேன். இறக்கிக் கட்டினால் நடக்கும்போது ஒரு கை எப்போதும் இடுப்பில் இருக்க வேண்டும்.

திருப்பூரில் ஒரு கம்பெனியில் பேண்ட் மடித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அளவு ஏற ஏற இடுப்பும் பெரிதாகும், நீளமும் கூடும். இரண்டும் சேர்ந்தே வளரும். நீளமாக வளர்ந்துவிட்டு அகலமாக வளராத ஒருவனை வெட்டும் மேசையில் இருந்தவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. நாள் முழுக்கப் பேண்ட்களுக்கு நடுவில் நின்றேன். அவற்றில் ஒன்றுகூட எனக்கானது இல்லை.

துணி எடுத்துத் தைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். துணிக்கும் தையற்கூலிக்கும் கையில் காசு இருந்து, ஒரு வாரம் பொறுக்கவும் முடிந்தவர்கள் அப்படிக் கேட்பார்கள். எனக்கு இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்லவேளை, அது ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறன்று காந்தி வீதியில் கடைகள் சாத்தியிருக்கும், சாத்திய கடைகளுக்கு முன்னால் தெரு முழுக்கச் சந்தை விரியும். பிளாஸ்டிக் பாயில் துணிமலைகள். வடக்கு முனையிலிருந்து தொடங்கினேன். ஒரு குவியலையும் விடுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"நீட்டு பேண்ட்டு இருக்குதாண்ணா? இடுப்பு இருபத்தெட்டு."

"உசரம்?"

"பாக்குறீங்களே."

அந்தக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். "யோவ், இங்க பாருய்யா. தம்பி, மேல மழ பேயுதா?"

"இன்னும் இல்ல. பேஞ்சா ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

அடுத்தவர் இரண்டு பேண்ட் வாங்கி ஒன்றாகச் சேர்த்துத் தைக்கச் சொன்னார். இன்னொருவர் வேட்டிக்கு மாறிவிடச் சொன்னார். நான் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே அவர்கள் குவியலைக் கடைசிவரை கிளறினேன். சிரித்துக்கொண்டிருக்கும் வரை கிளறுவதை யாரும் தடுப்பதில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது ஒரு அம்மாவின் கடைக்கு வந்தேன். அகலமான முகம், வெற்றிலை வாய், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் குவியலில் பனியன், குழந்தைச் சட்டை எல்லாம் கலந்து கிடந்தன. அடியில் ஒரு கறுப்புப் பேண்ட் கையில் பட்டது. கனமான துணி, போட்ட அடையாளமே இல்லை. உள்பட்டையில் 36 என்று இருந்தது. பழக்கத்தில் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

"அது சொல்தா வூட்டுது," என்றார் அந்த அம்மா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவரை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். "புள்ள பிரான்சுலேர்ந்து அனுப்பிச்சது. அவரு போடவே இல்ல. இப்ப வூட்டையே பூட்டினு அங்க போய்ட்டாங்க. முப்பத்தாறுன்னு சொல்லி வாரா வாரம் தொந்தி போட்டவனுங்களா வந்து எடுத்துப் பாக்குறானுங்க. ஒருத்தனுக்கும் தொடைக்கு மேல ஏறல. இன்னா எழவு அளவோ."

நான் மறுபடி எடுத்தேன். இடுப்பை விரித்துப் பார்த்தேன். முப்பத்தாறு அங்குலம் இல்லவே இல்லை. அவர்கள் நாட்டுக் கணக்கு வேறு போல. என்னைவிட ஒரு பிடிதான் பெரிது. என் இடுப்பில் வைத்துக் கால்பகுதியைத் தொங்கவிட்டேன். அது தரையைத் தொட்டு மடங்கி விழுந்தது. கீழே மடித்துத் தைக்கவே இல்லை, வெட்டிய துணி வெட்டியபடியே இருந்தது. வாங்குபவன் தன் காலுக்கு ஏற்ப மடித்துக்கொள்ளட்டும் என்று யாரோ ஒருவன் எங்கோ விட்டிருக்கிறான். என் வாழ்க்கையில் ஒரு பேண்ட் தரையில் புரண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முகத்தில் எதுவும் காட்டாமல் பேரம் பேசினேன். பிடிபட்டுவிட்டேன்.

"கண்ணு ரெண்டும் மின்னுது, வாயி மட்டும் வாணாம் வாணாம்னுது," என்றார். ஆனாலும் குறைத்தே கொடுத்தார். வாரா வாரம் அதைத் தூக்கிவந்து தூக்கிப்போவதில் அவருக்கும் அலுத்துவிட்டது.

சந்தையை ஒட்டிய சந்தில், சாத்திய கடை ஒன்றின் படியில் தையல் மிஷின் போட்டு ஒருவன் ஆல்டர் செய்துகொண்டிருந்தான். என் வயதுதான் இருக்கும், என் தோள் உயரம்கூட இல்லை. காதில் போன் மாட்டி யாருடனோ பேசிக்கொண்டே தைத்தான். முன்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். எல்லாரும் அப்போதுதான் வாங்கிய பேண்ட்டோடு வந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே வேலை. கீழே மிச்சமானதை வெட்டுவான், மடிப்பான், ஒரு ஓட்டு ஓட்டுவான். வெட்டியதைப் பக்கத்துச் சாக்கில் போடுவான்.

நான் பையிலிருந்து லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டு, போட்டிருந்த பழைய பேண்ட்டைக் கழற்றிப் புதியதோடு சேர்த்துக் கொடுத்தேன். பழையது இடுப்பில் மட்டும் கச்சிதமாக நிற்கும்.

"இடுப்ப இந்த அளவுக்குப் புடிச்சிடு. கீழ மடிச்சு அடிச்சிடு."

தலையை ஆட்டினான். நான் டீ குடிக்கப் போனேன். டீயோடு ஒரு பன்னும் வாங்கினேன். நாளையிலிருந்து சாப்பாடு ஓட்டலில் என்ற தைரியம்.

திரும்பி வந்தபோது பேண்ட் மடித்துத் தயாராக இருந்தது. இடுப்பு மிகச் சரியாக இருந்தது. இடுப்பில் வைத்துத் தொங்கவிட்டேன். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

பேண்ட்டை அவன் மிஷின் மேல் போட்டேன்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?"

அவன் காதிலிருந்து போனை எடுத்தான். "அளவு பேண்ட்டு குடுத்தல்ல? அதும்படிதான் வெட்டிருக்கிறேன். வேணும்னா வெச்சுப் பாரு, நூலு பிசகல."

நூல் பிசகவில்லைதான். பழைய பேண்ட்டைப் புதியதன் மேல் விரித்து, அதன்படியே வெட்டியிருந்தான். இந்த ஊரில் டேப் பிடித்து அளப்பதைவிட, நன்றாக இருக்கும் பழைய துணியைக் கொடுத்து இதுபோல என்று சொல்வதுதான் வழக்கம். அளவு சட்டை, அளவு பிளவுஸ், அளவு பேண்ட். பொருந்தாததை யாரும் அளவுக்குக் கொடுப்பதில்லை. பொருந்தியது என்று என்னிடம் எதுவும் இருந்ததில்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"இடுப்புக்குத்தாண்டா அளவு சொன்னேன்!"

"அளவு பேண்ட்டுன்னா முழுசும் அளவு. இடுப்பு ஒனக்கு, காலு ஒந்தம்பிக்கா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "விடு தம்பி, கடலோரம் நடக்க வாட்டமா இருக்கும், நனையாது," என்றார்.

நான் படியில் உட்கார்ந்தேன். கத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. கத்திவிட்டுப் போனால் படுக்கை பஸ் ஸ்டாண்டில்தான்.

"வெட்டுன துண்டு எங்க?"

"சாக்குல. அது எதுக்கு?"

"எடுத்து ஒட்டு."

"கோடு தெரியும்பா. அசிங்கமா இருக்கும்."

"தெரியட்டும். நாளைக்குக் காலையில இதப் போட்டாத்தான் எனக்கு வேல. நீ ஒட்டுற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

என் முழங்கால்கள் அவன் மிஷினை இடித்துக்கொண்டிருந்தன. நான் எழுந்திருக்காவிட்டால் அந்தப் படியில் வேறு யாரும் நிற்க முடியாது. அவன் ஒருமுறை பெருமூச்சு விட்டுச் சாக்கைக் கவிழ்த்தான்.

கறுப்பு, நீலம், சாம்பல், ஜீன்ஸ். அன்றைக்கு அந்தச் சந்துக்கு வந்த அத்தனை ஆண்களுக்கும் மிச்சமானது என் முன்னால் கிடந்தது. எனக்கு எப்போதும் குறைந்த அந்த ஒரு சாண், மற்றவர்களிடம் வெட்டிப் போடும் அளவுக்கு இருந்திருக்கிறது. இருவரும் குனிந்து தேடினோம். ஒரு துண்டு சீக்கிரம் கிடைத்தது. அந்தக் கனமான துணியைக் கை அடையாளம் கண்டுகொண்டது. இன்னொன்று இல்லை. இரண்டு முறை கிளறினோம். பிறகு அவனே மிஷினுக்கு அடியிலிருந்து ஒன்றை உருவினான். எண்ணெய் துடைக்க அதில் பாதியைக் கிழித்துவிட்டு மீதியை வைத்திருந்தான்.

"கறுப்புதானே, தெரியாது," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

போனை அணைத்துப் பையில் போட்டான். நடுவில் வந்தவர்களை, "இருங்கண்ணா, இது ஒரு கேஸு," என்று உட்கார வைத்தான். அடித்த மடிப்பைப் பிரித்து, இரண்டு காலிலும் துண்டைச் சேர்த்தான். முடித்தபின் தூக்கிப் பார்த்தேன். ஒரு காலில் இணைப்பு கொஞ்சம் மேலே, மற்றதில் கொஞ்சம் கீழே.

"பிரி," என்றேன்.

"யோவ்!"

"ரெண்டும் ஒரே உசரத்துல இருக்கணும்."

என்னைப் பார்த்தான், பேண்ட்டைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. "சரிதான். ரெண்டு கால்லயும் ஒண்ணா இருந்தா மாடலு. ஒரு கால்ல எறங்கிச்சின்னா ஒட்டு." பிரித்து மறுபடி சேர்த்தான். அதன் மேலேயே இரண்டு வரித் தையல் போட்டு, வேண்டுமென்றே செய்ததுபோல ஆக்கினான். கீழே மடிக்கத் துணி அவ்வளவாக இல்லை. சுண்டுவிரல் அகலம் மடித்து அடித்தான்.

போட்டுப் பார்த்தேன். ஷூவின் மேல்விளிம்பைத் தொட்டு நின்றது. உட்கார்ந்தால் ஏறியது.

"ஒக்காந்தா தெரியுது," என்றான்.

"பரிமாறுறவன் ஒக்கார மாட்டான்."

கூலி அவன் கேட்கவில்லை, நானும் எடுத்து நீட்டவில்லை. பழைய பேண்ட்டை அவனே மடித்துக் கொடுத்தான். "இத எவங்கிட்டயும் அளவுக்குக் குடுத்துடாத," என்றான்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டு கட்டணக் குளியலறையில் குளித்து, பேண்ட் தரையில் படாமல் ஒற்றைக்காலில் நின்று போட்டுக்கொண்டு, ஓட்டலின் பின்வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கேப்டன் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார்.

"நட."

நடந்தேன். வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பி வந்தேன்.

"அது இன்னா, முழங்காலுக்குக் கீழ கோடு போட்டாப்போல?"

"மாடல்ணா. பிரான்ஸ் பேண்ட்டு."

உள்பட்டையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். படித்தார். குனிந்து அந்தத் தையலை விரலால் ஒருமுறை தடவினார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எண்ணெய் வாசனைகூட வந்திருக்கும். நிமிர்ந்து, மடித்த அரைக்கைச் சட்டை ஒன்றை என் கையில் வைத்தார்.

"கணுக்கால் தெரியல. போய் மாத்தினு வா."

மாற்றிக்கொண்டு வந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகள் போட்டு முடித்திருந்தார்கள். கண்ணாடித் தம்ளர்கள் சுவர் அலமாரியின் உச்சித் தட்டில் இருந்தன. அந்தப் பழைய கட்டடத்தில் எல்லாமே உயரம். ஒருவன் ஸ்டூல் எடுத்துவரக் கிளம்பினான்.

"ஸ்டூலு எதுக்கு? இவன் இருக்குறான்ல," என்றார் கேப்டன்.

இரண்டு கையையும் தூக்கினேன். சட்டை மொத்தமும் பேண்ட்டிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தது. கையை இறக்கி, சுற்றிலும் ஒழுங்காக உள்ளே செருகிக்கொண்டேன். மறுபடி கையைத் தூக்கித் தம்ளர்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினேன்.