இரண்டு பேருக்கு ஒரு ரிலே

அச்சுவேலியில் சனிக்கிழமை எலக்ட்ரோனிக்ஸ் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவர் ஒரு வெங்காயத் தோட்டக்காரர். எந்தச் சாமானையும் தொடுமுன் காதைக் கிட்டக் கொண்டுபோய்ச் சத்தம் கேட்பார். கிணறு வற்றினால் தண்ணீர் இறைக்கும் மோட்டர் எரியுமுன் தானாக நிற்கவேண்டும். அதைப் படிக்கத்தான் வந்திருந்தார்.

இரண்டு பேருக்கு ஒரு ரிலே. சின்ன மின்சாரம் கொடுத்தால் ‘டிக்’ என்று பெரிய மின்சாரத்துக்கு வழிவிடும் பெட்டி. “விடுங்கோ அண்ணை, நான் காட்டுறன்,” என்று ஐந்து வோல்ட் ரிலேக்குப் பன்னிரண்டு வோல்ட்டைக் கொடுத்தேன். ‘டிக்’ என்றது. என் விளக்கவுரை முடியுமுன் புகையும் வந்தது.

“எரிக்க எனக்குத் தெரியும், தம்பி. ரண்டு மோட்டரை எரிச்சனான். எரியாமல் வைக்கப் பழகத்தான் வந்தனான்,” என்றார். சிரித்தது நான் மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை புது ரிலே வாங்கிக்கொண்டு போனேன். அவர் வரவில்லை; பிறகும் வரவில்லை. அந்த ரிலே என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அவர் கேட்கவேண்டிய ‘டிக்’கை நான் கேட்க மனம் வரவில்லை.