தலைமாடு எந்தப் பக்கம்

நான் ஆஸ்பத்திரி வரைகிறவள். இப்படிச் சொன்னால் டாக்டரா நர்ஸா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. கட்டில் எங்கே, கதவு எத்தனை அகலம், அழுக்குத் துணி எந்த வழியாக வெளியே போகவேண்டும், சுத்தமான துணி எந்த வழியாக உள்ளே வரவேண்டும் என்பதையெல்லாம் காகிதத்தில் தீர்மானிக்கிற வேலை. அப்படி ஒரு வேலை இருப்பதே முப்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் பத்து வருஷம் ஃப்ளாட் வரைந்தேன். திருநின்றவூரில் எங்கள் வீட்டைச் சுற்றியே அத்தனை ஃப்ளாட் எழும்பிக்கொண்டிருந்தது, வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வாஸ்து இருக்கிறதே, ஐயோ! "மேடம், கிச்சன் அக்கினி மூலைல வரலியே." "மேடம், பாத்ரூம் ஈசானியத்துல வந்துச்சே, எங்க மாமனார் ஒத்துக்க மாட்டாரு." நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்ததை எவனோ ஒருத்தன் வந்து ஐந்து நிமிஷத்தில் பேனாவால் கிறுக்கிவிட்டுப் போவான். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு மேல்தான். திசை என்று யாராவது வாயைத் திறந்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரி டிசைன் செய்கிற அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். அங்கே அளவுதான் பேசும், மூலை பேசாது என்று நம்பினேன். முதல் ஆறு மாதம் ஊர் ஊராகப் போய் ஆஸ்பத்திரிகளைச் சுற்றிப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப் பார்த்தேன். அது எந்தத் திருப்பத்தில் சுவரை இடிக்கிறது, ஒரு நர்ஸ் ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை வார்டுக்கும் மருந்து ரூமுக்கும் அலைகிறாள், எல்லாம் நோட்டில் குறித்தேன். ஒன்று மட்டும் செய்யவில்லை. கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா தவறிப்போனார். வீட்டில் அண்ணன் குடும்பம் இருந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லாமல் போனதுதான் தாங்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வேலை வந்தபோது நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். திருநின்றவூரிலிருந்து தினமும் இரண்டு ரயில் மாறி வருவது பேஜாரு என்று காரணம் சொல்லி, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே மாடியில் ஒரு ரூம் எடுத்தேன். கீழே பூட்டிய குடோன். ரூமில் ஏற்கெனவே ஒரு இரும்புக் கட்டில் கிடந்தது. செல்போன் சார்ஜ் போட ப்ளக் எந்தச் சுவரில் இருந்ததோ அந்தப் பக்கம் தலையணையைப் போட்டேன். அதோடு குடித்தனம் முடிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சைட்டிலிருந்து வந்தால் திங்கட்கிழமை காலை வரைக்கும் பேச ஆள் கிடையாது. கம்பெனி பஸ்கள் போகும், ஷிஃப்ட் சங்கு ஊதும், தெருவில் இந்தியும் ஒடியாவும் கேட்கும். திங்கட்கிழமை டீக்கடையில் "ஒரு டீ" என்று சொல்லும்போது குரல் கரகரவென்று வரும். எனக்கே வெட்கமாக இருக்கும். தனியாக இருந்தேன், அவ்வளவுதான். அதைப் பெரிதுபடுத்த ஒன்றுமில்லை என்று அப்போது நினைத்தேன்.

ஆஸ்பத்திரி, தொழிற்பேட்டை முடிந்து எளாவூர் போகிற பக்கம். கையில் அடிபட்டு வருகிற கம்பெனி ஆட்கள், லாரி டிரைவர்கள், சுற்று வட்டாரத்தில் நெல் பயிர் வைக்கிற குடும்பங்கள், இவர்களுக்கானது. பெண்கள் வார்டுதான் எனக்குச் செல்லம். ஒரே வரிசையில் ஆறு கட்டில். தலைமாட்டுச் சுவரில் ஆக்ஸிஜன் குழாய், எதிரே பெரிய ஜன்னல். ஒவ்வொரு தலைமாட்டிலும் சுருள் வயரில் சிவப்புப் பொத்தான் வைத்த ஒரு பெல். அழுத்தினால் நர்ஸ் மேஜையில் விளக்கு எரிந்து மணி அடிக்கும். வரைபடத்தில் முதலில் போடுவது வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டுகிற அம்பு. அதையும் என் கையால்தான் போட்டேன். அம்பு மேலே பார்த்தது, ஆறு தலையும் மேலே பார்த்தன. காகிதத்தில் அத்தனை அழகாக இருந்தது.

ஆஸ்பத்திரி திறந்த பிறகும் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க என்னை ஆறு மாதம் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நானும் கூடவே போவேன். ஒருநாள் எங்கள் அலுவலகத்திலிருந்து வார்டைப் போட்டோ எடுக்க ஆள் வருவதாக இருந்தது. ரவுண்ட்ஸுக்கு முன்னாலேயே, எல்லாரும் எழுந்து உட்கார்ந்து காபி குடிக்கிற நேரத்தில் போனேன். பார்த்தால், ஆறு பெல்லிலும் பேண்டேஜ் துணியைக் கட்டி, அதன் மறுமுனையைக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தது.

"இன்னா சிஸ்டர் இது, கொடி கட்டித் துணி காயப்போடற மாதிரி?"

வார்டு சிஸ்டர் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். "இல்ல மேடம், அது வந்து..."

"வந்தும் வேணாம், போயும் வேணாம். கழட்டுங்க மொதல்ல."

அவள் கழற்றுவதற்குள் டிரேயில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து ஆறு துணியையும் நானே வெட்டினேன். போட்டோ நன்றாக வந்தது.

பத்து நாள் கழித்து, கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு அம்மா, மத்தியானம் கூட இருந்த மகள் சாப்பிடப் போன நேரத்தில், தானே எழுந்து பாத்ரூம் போகப் பார்த்து விழுந்துவிட்டார். மணிக்கட்டு உடைந்துவிட்டது. சிஸ்டர் அப்போது பக்கத்து ரூமில் ஒருத்தருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். "பெல் அடிச்சுதாம்மா?"

"அடிக்கல சார்."

என்னைப் பார்த்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வார்டுக்கு அழைத்துப்போய் ஆறு பெல்லையும் அழுத்திக் காட்டினேன். ஆறும் கணீரென்று அடித்தன. கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த அந்த அம்மா, "எட்டல சார்" என்றார். நான் சிரித்தேன். "எட்டாம எப்டிம்மா? தலைமாட்டுலயேதானே தொங்குது?" டாக்டர் தலையாட்டினார். "என் பெல்லுல ஒரு குத்தமும் இல்ல டாக்டர்" என்று வேறு சொன்னேன். அப்படியென்றால் குற்றம் யார் மேல் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. பெல் அடித்தும் சிஸ்டர் போகவில்லை, இப்போது பொய் சொல்கிறாள் என்று ஆகிவிட்டது. மாதக் கடைசியோடு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார் டாக்டர். அந்தப் பெண் டிரேயை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். என் பெல் ஜெயித்துவிட்ட மாதிரி நான் ரூமுக்குப் போனேன்.

அதற்கடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் ரூமிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு கிடந்தேன். நாலாம் நாள் காலையில் படியிறங்கும்போது கண் இருட்டியது. ஷேர் ஆட்டோ பிடித்து, நானே வரைந்த ஆஸ்பத்திரிக்கு நானே போய்ச் சேர்ந்தேன். நாலாம் நம்பர் கட்டில். டிரிப்ஸ் ஏற்றிவிட்டு ஃபாரத்தோடு வந்தது அதே சிஸ்டர்தான்.

"கூட இருக்கற அட்டெண்டர் யாரு மேடம்?"

"யாரும் இல்ல."

"ஊட்லேர்ந்து யாராச்சும் வர்றாங்களா?"

"இல்ல சிஸ்டர். யாருக்கும் சொல்லல."

பேனா நின்றது. "காலியா உட்டா கீழ ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தில் தன் பேரையும் செல் நம்பரையும் எழுதினாள். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். வேறு எங்கே பார்ப்பது?

ரவுண்ட்ஸ் வந்தது, போனது. பெரிய டாக்டர் வாசலைத் தாண்டியதும் ஒரு வேடிக்கை நடந்தது. வாத்தியார் வெளியே போன வகுப்பு மாதிரி அந்த வரிசையே எழுந்தது. அவரவர் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டு, காலைச் சுவர்ப் பக்கம் நீட்டி, திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். கழுத்தில் சிலுவை போட்டிருந்த பக்கத்துக் கட்டில் அம்மாவும் அப்படியே திரும்பினார். நான் முழித்தேன்.

சிஸ்டர் என்னிடம் வந்தாள். "உங்களுக்கு ஆக்ஸிஜன் இல்லியே மேடம். நீங்களும் இப்டித் திரும்பிக்கோங்க. வடக்க தல வெச்சுப் படுக்காதீங்க."

வடக்க தல வெச்சுப் படுக்காத. வேலை முடிந்து வந்து பாயில் கண்ட பக்கம் நான் விழும்போதெல்லாம் அம்மா சொன்னது இது. ஏன் எதுக்கு என்று அவருக்கும் தெரியாது. நானும் எரிச்சலோடு ஒரு தரம் முனகிவிட்டுத் திரும்பிப் படுப்பேன். அம்மா போனபிறகு யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. தலையணையைக் கால்மாட்டில் போட்டுத் திரும்பிப் படுத்து, டிரிப்ஸ் ஏறிய கையை அசைக்காமல் அழுதேன். காய்ச்சல் என்று நினைத்திருப்பார்கள்.

அழுது முடித்ததும் தாகம் எடுத்தது. பெல்லுக்காகப் பழக்கத்தில் தலைக்கு மேல் கையை நீட்டினேன். வெறும் கம்பிதான் தட்டுப்பட்டது. பெல் என் கால் பக்கம், அந்தச் சுவரில், அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கால் விரலால் கூட முயன்று பார்த்தேன். எட்டவில்லை.

எட்டல சார் என்று அந்த அம்மா சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. பேண்டேஜ் துணி எதற்கு என்றும் புரிந்தது. துணியை இழுத்தால் சுருள் வயர் நீண்டு பெல் கைக்கு வந்துவிடும். என் வரைபடத்தில் இல்லாததை அந்தப் பெண் நாலு முழம் துணியில் சரி செய்து வைத்திருக்கிறாள். நான் வெட்டிப் போட்டேன்.

சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். வந்து தண்ணீர் கொடுத்தாள். "ஏன் சிஸ்டர் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க எங்க மேடம் கேட்டீங்க?" கோபமே இல்லை அந்தக் குரலில். "டாக்டர் ரூம்ல சொன்னா, பேஷண்ட்டத் திருப்பிப் படுக்க உட்டதுக்கு அது ஒரு திட்டு. இவங்கள வடக்க தல வெக்கச் சொன்னா தூங்கவே மாட்டேங்குறாங்க. நான் இன்னா பண்றது?"

மறுநாள் ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் சொன்னேன். தப்பு என்னுடையது, தலைமாட்டை வடக்கே வைத்தது நான், துணியை வெட்டியது நான், சிஸ்டர் பொய் சொல்லவில்லை. டாக்டர் நம்பவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், "நீங்க எப்பவும் எப்டிப் படுப்பீங்களோ அப்டிப் படுத்துக் காட்டுங்கம்மா" என்றேன். அவர் பயந்துகொண்டே திரும்பிப் படுத்தார். பிறகு ஒவ்வொருத்தராகத் திரும்பினார்கள். டாக்டர் சுவரோரம் போய் ஒரு பெல்லின் வயரை இழுத்துப் பார்த்தார். அப்புறம் சிஸ்டரிடம், "நீ இரும்மா, போகவேணாம்" என்றார்.

"இல்ல சார். எங்க நைனா, ஊர்ப் பக்கமே ஒரு கிளினிக்ல சொல்லி வெச்சுட்டாரு. ஒண்ணாந்தேதி சேரணும்." என்னைப் பார்த்தாள். "நீங்க சொன்னதே போதும் மேடம். நைனாகிட்ட காட்ட ஒரு லெட்டர் மட்டும் வேணும், நான் ஒழுங்கா வேலை பாத்தேன்னு."

டாக்டர் கொடுத்தார். அந்த வார்டில் இப்போது கட்டிலின் இரண்டு பக்கமும் பெல் இருக்கிறது. புதிதாக வரைந்த தாளில் அம்பைப் போடும்போது கை ஒரு கணம் நின்றது.

நான் டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் அவள் பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நல்லா சாப்டுங்க மேடம். காலைல நாஷ்டா உட்றாதீங்க." பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள். "ரூம்ல தலைமாடு எந்தப் பக்கம் மேடம்?"

எனக்குத் தெரியவில்லை. ஊரில் உள்ள கட்டிடத்துக்கெல்லாம் அம்பு போடுகிறவளுக்குத் தன் கட்டில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அதற்குள் மாதம் முடிந்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரூம் ஜன்னலில் நின்றேன். சூலூர்ப்பேட்டை போகிற ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. அது வடக்கே போகிற ரயில். என் தலையணை இருந்த பக்கமே போனது. ஒன்றே கால் வருஷம் நான் அந்தப் பக்கம் தலை வைத்துத்தான் தூங்கியிருக்கிறேன், சொல்ல ஒரு நாதி இல்லாமல்.

கட்டிலைத் திருப்பலாம் என்று இழுத்தேன். இரும்புக் கட்டில், மறுமுனையைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். முடியவில்லை. அந்தப் பொம்பளைகள் மாதிரியே தலையணையை மட்டும் எடுத்துக் கால்மாட்டில் போட்டுப் படுத்தேன். சார்ஜர் வயர் இந்தப் பக்கம் எட்டவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு வந்து, டிஸ்சார்ஜ் பேப்பரோடு இருந்த ஃபாரம் நகலை எடுத்து, அட்டெண்டர் என்ற கட்டத்தில் இருந்த நம்பருக்குப் போட்டேன். வடக்குதான் சிஸ்டர், இப்போது மாற்றிவிட்டேன் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

பெல் முழுக்க அடித்து நின்றது. இன்னொரு தரம் போட்டேன். எடுக்கவில்லை. டியூட்டியில் இருந்திருப்பாள்.