வண்டிக்குப் படி வைத்த ஞாயிற்றுக்கிழமை

உயரமான வண்டி வேண்டாம் என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்? என் கணவருக்குச் சின்ன கார் என்றாலே இளக்காரம். கும்மிடிப்பூண்டியில் யாரோ விற்கிறார்கள் என்று போனவர், லாரிக்குத் தம்பி மாதிரி ஒரு எஸ்யூவியை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். நானோ குள்ளம். ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் சீட்டையும் பிடித்துத் தொங்கினால்தான் உள்ளே போக முடியும்.

ஐந்தாம் மாதம் ஸ்கேனுக்குக் கிளம்பும்போது அப்படித் தொங்கியதில் கால் வழுக்கி, சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அவர் முகம் வெளுத்துவிட்டது. அதற்கு முன் இரண்டு முறை எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்று இரவே அவர் போனில் தேடி ஃபுட்போர்டு ஆர்டர் போட்டார். வண்டிக் கதவுகளுக்குக் கீழே, இரண்டு பக்கமும் நீளமாகப் படி மாதிரி மாட்டுவார்களே, அதுதான். பார்சல் வந்து சேர்ந்தபோது எனக்கு ஏழாம் மாதம்.

"கடையில குடுத்தா மாட்டிக் குடுக்க மாட்டாங்களா?" என்றேன்.

"நான் இன்னா வேலை செய்றேன்? டெய்லி பிட்டிங்தான பண்றேன்? என் வண்டிக்கு இன்னொருத்தன் வந்து போல்ட்டு போடணுமா?"

அவர் காக்களூர் தொழிற்பேட்டையில் பிட்டர். நானும் அங்கேதான், பக்கத்து யூனிட்டில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினிலிருந்து வரும் பீஸ்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். எங்கள் யூனிட்டில் ஒரு விதி உண்டு. மெஷினுக்குள் யார் கையை விடுகிறாரோ, சாவி அவர் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் கேட்டாலும் தரக் கூடாது. அது ஏன் என்று எங்களில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விரல் போனவர்கள் இரண்டு பேர் அதே ஷெட்டில் எங்களோடு டீ குடித்தார்கள்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அழுக்கு லுங்கியோடு வண்டிக்கு அடியில் படுக்கப் போகும்போது, "சாவிய பாக்கெட்ல வெச்சுக்கோங்க" என்றேன்.

"லுங்கில ஏது பாக்கெட்டு? இது இன்னா பிரஸ் மெஷினா? நிக்கிற வண்டி. ஜாக்கிகூட போடல. கம்முனு போய்ப் படு."

சாவி எங்கள் வீட்டில் எப்போதும் சாமி அலமாரியில்தான் இருக்கும். என் மாமியாரின் ஏற்பாடு அது. வண்டி வந்த நாளிலிருந்து சாவிக்குக் குங்குமம் வைத்து, முருகர் படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார். வண்டிக்குப் புதிதாக எது மாட்டினாலும், அது சீட் கவராக இருந்தாலும், கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கி ஒரு அடியாவது வண்டி நகர வேண்டும். அன்று காலையே திருப்பாச்சூர் கோயிலுக்குப் போய்ப் பழங்களைச் சாமி காலடியில் வைத்து வாங்கி வந்திருந்தார்.

வீட்டுப் பக்கத்து ஃபுட்போர்டு மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. அடுத்தது காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம். அங்கே சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம். நான் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து குனிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் அவர் முழங்கை மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை "ஏங்க" என்பேன். அவர் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் அந்தத் தட்டு வராவிட்டால் எனக்கு மூச்சு முட்டியது.

சாயங்காலம் பக்கமாக, "வாஷர் பத்தல, கடைக்குப் போய்க்கினு வரேன்" என்று கத்திவிட்டு அவர் கிளம்பினார். பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார், "சீக்கிரம் வாடா, ராகு காலம் வந்துரும்" என்றார். தெருமுனைக் கடை பூட்டிக் கிடந்திருக்கிறது. போன வேகத்தில் திரும்பி வந்தவர், பழைய டப்பாவில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் புகுந்தார். அவர் திரும்பியதை நான் பார்த்தேன். மாமியார் பார்க்கவில்லை.

எனக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. ஏழாம் மாதத்தில் அதுதானே பிழைப்பு. போகும் முன் "ஏங்க" என்றேன். இரண்டு தட்டு வந்தது.

உள்ளே இருக்கும்போதுதான் பூஜை மணி கேட்டது. இந்த நேரத்தில் யார் மணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்து மாமியார் குரல்.

"அவன் கடைல நின்னு யார்கூடனா பேசிக்கினு இருப்பான். அவன் வர்றதுக்குள்ள ராகு காலம் பொறந்துரும். ஒரு பக்கம்தான் மாட்டியாச்சே, நீயே ஒரு அடி நவுத்துடு தம்பி."

பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிறார். அவர் தேர்வாய் கண்டிகைக்குக் கம்பெனி பஸ் ஓட்டுபவர். நல்ல மனுஷர், கூப்பிட்ட குரலுக்கு வருவார்.

வண்டி ஸ்டார்ட் ஆனது.

"ஐயோ" என்று கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், குரல் இல்லை. பாத்ரூம் ஈரம், ஹால் மொசைக், வாசல் என்று வெறுங்காலோடு எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவர், வயிற்றுப் பிள்ளை, இனி இரண்டு பேருமே எனக்கு இல்லை என்ற ஒரே நினைப்புதான் மண்டைக்குள் ஓடியது.

வாசலுக்கு வந்தபோது முன் டயர் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. சாறு பீய்ச்சுவதைப் பார்த்தேன். நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்று, பானெட்டை இரண்டு கையாலும் அறைந்தேன். பம்பர் என் வயிற்றைத் தொட்டு நின்றது.

"வயித்துப் புள்ளக்காரி, வண்டிக்கு முன்னாடி நிக்கிறியே! உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?" மாமியார் கற்பூரத் தட்டோடு கத்தினார்.

எனக்குப் பேச வரவில்லை. வண்டிக்கு அடியில் கையைக் காட்டினேன். மறுபடி மறுபடி காட்டினேன். டிரைவர்தான் முதலில் புரிந்துகொண்டார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். அப்போதுதான் அடியிலிருந்து என் கணவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"யாரு... யாரு வண்டிய எடுத்தது?"

பூஜைத் தட்டு கீழே விழுந்தது. மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் சுவர்ப் பக்கம் நுழைந்து பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டார். ஒரு போல்ட்டில் மட்டும் தொங்கிய ஃபுட்போர்டு, வெளியே வரும் வழியை மறித்துக்கொண்டு என் கணவர் நெஞ்சுமேல் கிடந்தது. பின் டயர் அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஸ்டார்ட் ஆனதுமே கத்தினாராம். இன்ஜின் சத்தத்திலும் மணிச் சத்தத்திலும் யாருக்கும் கேட்கவில்லை. டிரைவர் ஃபுட்போர்டைத் தூக்கிப் பிடிக்க, அவர் சுவரை உரசிக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

வந்தவர் நேராக என்னிடம்தான் வந்தார். என் ஈரக் காலைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார்.

"வயித்துல புள்ளைய வெச்சுக்கினு இப்டியா ஓடியாருவ? வழுக்கி வுழுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? உனக்கு அறிவு இருக்குதா?"

ஓங்கி அறைந்தேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவரை ஒருமையில்கூடப் பேசியதில்லை நான். பக்கத்து வீட்டுக்காரர் எதிரில், பெற்ற தாய் எதிரில், கிரீஸ் கன்னத்தில் என் ஐந்து விரலும் பதிந்தது. டிரைவர் பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமியார் தரையில் கையூன்றி எழுந்தார். எனக்குக் கிடைக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். மகனை யாராவது 'டேய்' என்றாலே வரிந்துகட்டிக்கொண்டு வருபவர் அவர். கிட்டே வந்து, கிரீஸ் படிந்த என் கையைப் பிடித்தார். என் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"எனுக்கும் ஒண்ணு குடும்மா" என்றார்.