மரக்காணத்தில் ஒரு ரஷ்ய வாய்

மொழிபெயர்க்கிறவன் வாயிலிருந்து வருவது எதுவும் அவன் பேச்சில்லை. ஆனால் கேட்கிறவர்கள் முறைப்பது அவனைத்தான். சென்னையில் ரஷ்ய மொழி படித்துவிட்டு, மரக்காணத்திலிருந்து ஆரோவில் வரை ரஷ்யர்களுக்கு வாயாகப் பிழைக்கிறேன். போர் தொடங்கியபின் இங்கே வந்து தங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். அடுத்தவர் துக்கத்தைப் பத்திரிகையில் எழுதிச் சம்பளம் வாங்குகிற உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பிளாஸ்டிக் சுற்றிய நாவல்

பெரிய முதலியார்சாவடியில் வாடகைக்கு இருக்கும் இரினா, தன் ஊரில் புத்தகக்கடை வைத்திருந்தவர். மரக்காணம் கலியமூர்த்தி ஐயா, தமிழில் வந்த ரஷ்ய நாவல்களைக் கரைத்துக் குடித்தவர். ஒரு ரஷ்ய வாசகியை நேரில் பார்க்கவேண்டுமென்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு வந்தார். இப்போது அங்கே நன்றாக எழுதுகிறவர்கள் யார் என்று ஆசையாகக் கேட்டார்.

இரினா மூன்று பெயர் சொன்னார். ஒருவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார். ஒருவர் ஜெயிலில். மூன்றாமவர் நாவலை, எச்சரிக்கை ஒட்டிப் பிளாஸ்டிக் சுற்றித்தான் விற்கவேண்டும் என்று அரசாங்கத்தில் சொன்னார்களாம். பிறகு அலமாரியிலிருந்தே எடுக்கச் சொன்னார்களாம். அன்றோடு கடையை மூடிவிட்டார் இரினா. ஐயா இரினாவிடமே கேட்டார். "அப்ப அங்கியே இருக்கறவங்க என்னாதாம்மா படிக்கிறாங்க?"

கரைந்த வியாபாரம்

ஒலெக் ஒரு வியாபாரி. வெளிநாட்டுக் கம்பெனிகள் கிளம்பியபின் காலியான கடைகளை நிரப்பச் சரக்கு தேடி வந்தவர். குளியல் உப்பு என்று பாக்கெட் போட நம் கல்லுப்பு வேண்டுமென்றார். உப்பள முதலாளி ஏழுமலை, குவித்த உப்பையெல்லாம் அவருக்காகவே நிறுத்திவைத்தார்.

ஆனால் போரால் வந்த தடைகளில் ரஷ்யாவிலிருந்து பணம் வர வழியில்லை. ஒரு பேங்க் மறுத்தது. துபாய் வழியாக அனுப்பப் பார்த்தார்கள், அதுவும் நின்றது. 'அடுத்த வாரம்' என்பதையே நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கீற்று போட்டு மூடியும் குவியல் பாதியாக இறங்கிவிட்டது. ஒலெக் போனில் மன்னிப்புக் கேட்டார். ஏழுமலை சேற்றில் நின்றபடி என்னைப் பார்த்தார். "எங்கியோ சண்டை போடறாங்க, இங்க என் உப்பு கரையுது. இத அந்தாளுக்கு எப்படிப்பா சொல்லுவ?"

தான்யா

ஏழுமலையின் அளத்தில் கூலி வேலை செய்கிறவர் கீழ்புத்துப்பட்டு வேலு. அவர் மகன் தினேஷை, ஓட்டல் வேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் ரஷ்யாவுக்கு அனுப்பினான். போன இடத்தில், தெரியாத மொழியில் எழுதிய பத்திரத்தில் கையெழுத்து வாங்கி ராணுவ உடுப்பை மாட்டிவிட்டார்கள். பல மாதம் தகவலே இல்லை. பிறகு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். வேலு போனை என்னிடம் கொண்டுவந்தார்.

உயிருக்கு ஆபத்தில்லை, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது என்றாள். சொன்னேன். வேலு துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். நர்ஸ் நிறுத்தவில்லை. காய்ச்சலில் அவன் தான்யா, தான்யா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். பாவம், காதலியோ என்று நினைத்து, அந்தப் பெயருள்ள நர்ஸ் ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்களாம்.

அவன் கேட்டது தண்ணி. நான் அதை ரஷ்ய மொழியில் நர்ஸிடம் சொன்னேன். வேலு என் கையைப் பிடித்தார். "என்னா சொல்றாங்க? புள்ள யாரையாவது கேட்டானா?"

மன்னிப்பு

தினேஷ் ஊர் வந்து சேர்ந்ததைக் கேள்விப்பட்டு, தன்னை அங்கே கூட்டிப்போகச் சொன்னார் இரினா. வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவன் மடித்துக் குத்தியிருந்த பேன்ட்டைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், "எங்களை மன்னிச்சிடுப்பா" என்று மட்டும் சொல்லி அழுதார். மொழிபெயர்த்தேன், அவர் கடையை மூடிவிட்டு வந்ததையும் சொன்னேன்.

தினேஷ் ஊன்றுகோலை நகர்த்தி அவருக்கு இடம் கொடுத்தான். என்னைத்தான் கேட்டான். "இவங்களே கடைய உட்டுட்டு ஓடியாந்தவங்க, இவங்க எதுக்குண்ணே கேக்கறாங்க? கேக்க வேண்டியவன் ஒருத்தனும் வரமாட்டான்."

ரஷ்ய மொழியில் இறந்தகாலம்தான் சுலபம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்; எனக்கு இதுவரை வந்த வேலையெல்லாம் அந்த இறந்தகாலத்தில்தான் முடிந்திருக்கிறது.